கரண்ட் ஓடும் பிளாஸ்டிக்

மீன்காரன் ஜவாஹிரின் சைக்கிள் எங்கள் ஒழுங்கைக்குள் வந்தால், எந்தப் படலையில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்பது என் வழக்கம். அதில் ஒரு குற்றமும் இல்லை. சூடை வாங்குகிற வீட்டில் மாதக்கடைசி நெருக்கடி. பாரை வாங்குகிற வீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் வந்திருக்கிறது. நீங்கள் விசாரிக்க வந்த ஆனந்தராசாவின் விஷயமும் அப்படித்தான் தொடங்கினது, ஐயா. அந்த வீட்டில் பழுதான மீன் வாங்கினார்கள்.

லிங்கநகரில் எங்களுக்கும் அவர்களுக்கும் இடையில் ஒரு தகரவேலிதான். தமக்கை புஷ்பவதி அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர், கலியாணம் கட்டவில்லை. தம்பியார் இங்கிலாந்தில் இரசாயனம் படித்து, பேருக்கு முன்னால் கலாநிதி போட்டுக்கொண்டு, தொண்ணூற்றாறில், கால் கை உள்ளவர்கள் எல்லாம் வெளியே ஓடுகிற நேரத்தில் திரும்பி வந்தவர். சந்தேகப்பட அது ஒன்றே காணும் என்று நான் அப்போதே சொன்னனான். வந்த கையோடு குசினிக்குப் பின்னாலிருந்த அறைக்கு யன்னல் சீலை போட்டார்கள். எங்கள் ஒழுங்கையில் பகலில் யன்னல் சீலை போடுகிற வழக்கம் இல்லை.

எனக்குச் சோறு இறங்கவில்லை. இருந்தால் எழும்பத் தோன்றும், எழும்பினால் வேலிப்பக்கம் போகத் தோன்றும். காய்ந்த உடுப்பையே எடுத்துத் திரும்பக் காயப்போட்டேன். கடைசியில் ஜவாஹிரை மறித்தேன்.

"ஏன் நானா, அந்த வீட்டுக்கு மணக்கிற மீனைக் குடுக்கிறீங்கள்?"

"அவரு அதத்தான் கேக்காரு அக்கா. நல்ல மீனக் கொண்டு போனா, இது இன்னும் பழுதாகல்ல, நாளைக்கு வாங்க எண்டு திருப்பி அனுப்புறாரு. படிச்ச மனுசன், நாம என்னத்தக் கண்டம்."

இப்படி ஒரு பதிலை வைத்துக்கொண்டு ஒரு மனுசி எப்படி நிம்மதியாக இருப்பது, நீங்களே சொல்லுங்கள். ஆகவே எங்கள் ஒழுங்கை நல்லம்மாவிடம் சொன்னேன். பூட்டின அறை, அசிட் போத்தல், பற்றறி. அந்த மணத்தை மறைக்கத்தான் மீன். இயக்கப் பெடியளுக்கு ஏதோ வெடி செய்து கொடுக்கிறார்போல இருக்கு என்றேன். 'போல' என்றுதான் சொன்னேன். நல்லம்மா அதைக் கழற்றிவிட்டாள். பின்னேரம் பைப்படியில் அந்தக் கதை என்னிடமே திரும்பி வந்தபோது, வெடிக்கப்போகிற இடமும் அதில் இருந்தது. ஆனால் ஒன்று: முன்பு என்னைக் கண்டால் குடத்தைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களும் இப்போது நின்று, "பிறகென்ன அக்கா?" என்று கேட்டார்கள்.

பிறகென்ன என்று எனக்கும் தெரிய வேண்டியிருந்தது. முருங்கையிலை கொஞ்சம் முறித்துக்கொண்டு போனேன். புஷ்பவதி உள்ளே கூப்பிட்டாள். ஆனந்தராசா கதிரையை இழுத்துப் போட்டார். அலுமாரிக்குள் ஒளித்திருப்பார் என்று நான் நினைத்ததெல்லாம் மேசையில் பரப்பிக் கிடந்தது. ஒரு கண்ணாடிக் குவளையில் கடும்பச்சைக் கரைசல், பக்கத்தில் அதே பச்சை பூசின, நாடாத் துண்டு மாதிரிச் சின்னச் சின்னக் கீலங்கள், ஊசி ஆடுகிற ஒரு மீற்றர்.

"இது என்ன தம்பி?"

"கரண்ட் ஓடுற பிளாஸ்டிக், அக்கா."

"கரண்ட் ஓடாமல் இருக்கத்தானே வயருக்கு மேல பிளாஸ்டிக் போட்டிருக்கு. எனக்குச் சின்னனிலயே காது குத்தியாச்சு தம்பி."

அவர் சிரித்தார். நக்கல் சிரிப்பில்லை. "நானும் முதல் அப்பிடித்தான் நினைச்சனான். இருங்கோ, காட்டுறன்."

ஜவாஹிரின் மீன் கிடந்த போத்தலுக்குள் ஒரு கீலத்தைத் தொங்கவிட்டு மூடினார். மீற்றர் ஊசி மெல்ல மெல்லக் கீழே இறங்கினது. பச்சைக் கீலம் நீலமாகிக்கொண்டு வந்தது.

"மீன் பழுதாகேக்க ஒரு வாயு கிளம்பும் அக்கா. எங்கட மூக்குக்குப் பிடிபட முதல் இதுக்குப் பிடிபடும். கரண்ட் ஓட்டம் குறையும், நிறமும் மாறும். நேவி கடலுக்கு விடுற நேரம் கொஞ்சம். பிடிச்ச மீனும் செக்பொயின்ரில வெயிலுக்க கிடக்குது. எந்தப் பெட்டி தப்பினது எண்டு தெரிஞ்சால் முழுக்கக் கொட்டத் தேவையில்லைத்தானே."

நான் அதை வடிவாகப் பார்த்தேன். எனக்கு விளங்கினது. அவர் சொன்னது அத்தனையும் உண்மை.

"ஞாயிற்றுக்கிழமை மீன்சந்தையில எல்லாருக்கும் காட்டப்போறன், நீங்களும் வாங்கோ," என்றார்.

அங்கேதான் பிரச்சினை. ஞாயிற்றுக்கிழமை மீன்சந்தைக்கு எங்கள் ஒழுங்கை முழுவதும் போகும். நான் வெடி என்று சொன்னது மீன் மணம் பிடிக்கிற கீலம் என்று எல்லாரும் காண்பார்கள். நல்லம்மா பைப்பைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அவளுடைய சிரிப்பை நீங்கள் கேட்டதில்லை. நான் வீட்டுக்குள் நடந்தேன், முற்றத்தில் நடந்தேன். அரிசியில் கல் பொறுக்கப் போய், அரிசியைப் பொறுக்கி எறிந்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிற வழியில் ஆமிக் காம்ப்புக்குப் போனேன். தமிழ் தெரிந்த ஒரு ஆமிப் பெரியவர் இருந்தார், மரியாதையான ஆள். சனங்கள் கதைக்கிறதை மட்டும்தான் சொன்னேன். ஆளைக் காட்டுவீர்களா என்று கேட்டார்.

அடுத்த நாள் காலை ஒழுங்கையைச் சுற்றிவளைத்து, ஆண்களையெல்லாம் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கொண்டு போனார்கள். தலையாட்டி என்றால் உங்களுக்குத் தெரியும்தானே. முகத்துக்குச் சாக்குப் போட்டு ஜீப்பில் இருத்துவார்கள், ஆட்களை ஒவ்வொருவராய் முன்னால் நடத்துவார்கள், சாக்கு தலையாட்டினால் அந்த ஆள் மற்றப் பக்கம். அன்றைக்குச் சாக்குக்குள் இருந்தது யார் என்று ஒழுங்கை இன்னும் கதைக்கிறது. எல்லாரும் ஆம்பிளைகளின் பேர்தான் சொல்கிறார்கள். என் மனுசன் இராசையா கட்டாரில் வேலை. அவருடைய சறமும் நீளக்கைச் சேட்டும் எனக்கு அளவாகத்தான் இருந்தன. சாக்கு கோதுமைமாச் சாக்கு. தும்மல் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஆனந்தராசா வந்தார். தலையாட்டினேன்.

அவர் சத்தம் போடவில்லை. சேட் பொக்கற்றிலிருந்து பச்சைக் கீலங்களை எடுத்து, பெரியவருக்கு இங்கிலீசில் விளங்கப்படுத்தினார். பெரியவர் பொறுமையாகக் கேட்டார், கீலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதைக் கொண்டு ஜீப்படிக்கு வந்தார்.

"இது மீன் பாக்கிறதுக்கு எண்டு சொல்றார். உண்மையா?"

ஆனந்தராசா சாக்கின் ஓட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பயம் இருக்கவில்லை. ஒரு ஆளிடம் உண்மையைக் கேட்கிறார்கள், அந்த ஆள் சொல்லிவிடும் என்று நினைத்தார்போல. நான் நல்லம்மாவை நினைத்தேன். எங்கள் ஆட்கள் தலையாட்டினால் ஓமோ இல்லையோ என்று சிங்களவருக்கு விளங்குவது கஷ்டம். ஆகவே இடமும் வலமுமாக, தெளிவாக, இரண்டு தரம் ஆட்டினேன்.

அவ்வளவுதான். வாயால் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அந்தக் கிழமை முழுவதும் புஷ்பவதிக்கு என் வீட்டிலிருந்துதான் சோறு போனது. காம்ப் வாசலில் அவளுக்குக் குடை பிடித்ததும் நான்தான். பைப்படியில் நல்லம்மா, "நீங்கள் சொன்னது சரிதான் அக்கா, சும்மாவே கொண்டு போவாங்கள்?" என்றாள். அன்றைக்குத்தான் வயிறாறச் சாப்பிட்டேன்.

பிறகு ஒருநாள் புஷ்பவதி ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்தாள். தம்பியை உயிரோடுதான் வைத்திருக்கிறார்களாம்.

"அக்கா, மீன் கீலத்தை நீங்கள் உங்கட கண்ணால பார்த்தனீங்கள். ஒருக்கா வந்து அந்தப் பெரியவனிட்டச் சொல்லுங்கோ. என்னை நம்பீனமில்லை, நான் கூடப்பிறந்தவள். நீங்கள் சொன்னால் விட்டிடுவாங்கள்."

"எனக்கு அண்டைக்குக் கண்ணாடி இல்லைப் பிள்ளை. நிறம் ஒண்டும் தெரியேல்லை," என்றேன்.

ஆனந்தராசா பிறகு வரவே இல்லை. காம்ப் தூரமில்லை, போய்ச் சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். ஆனால் ஐயா, ஒரே விஷயத்துக்கு இரண்டு கதை சொல்கிற பழக்கம் என்னிடம் இல்லை. அப்படிச் செய்தால் பிறகு என் பேச்சை யார் நம்புவார்கள்.