பழைய டனல் முகவரி

எல்லாருக்கும் முன்னால் வந்து எங்கள் சாஃப்ட்வேர் ஆபீசைத் திறப்பது என் பழக்கம், சார். அருப்புக்கோட்டையில் பத்து மணிக்கு மேல் வெயில் மண்டையைப் பிளக்கும். அதற்கு முன்னால்தான் எனக்கு மூளை ஓடும்.

ஆறு வருடமாக எந்தச் சிக்கல் என்றாலும் முதலாளி அசோக் அண்ணன் என்னைத்தான் கூப்பிடுவார். இன்பராஜ் வேலைக்குச் சேர்ந்த எட்டே மாதத்தில், "காசி, நீ செரமப்படாத. இன்பராஜ் பாத்துக்கிருவான்" என்று ஆகிவிட்டது. அவன் தங்கமானவன். எனக்குத்தான் வயிறு எரிந்தது.

நரிக்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கான அவசர வேன் செயலி அவன் செய்தது. ஊரில் ஒருவர் போனில் பட்டனை அழுத்தினால், நாங்கள் கொடுத்திருக்கும் முகவரிக்குச் செய்தி தானாக வரும். அங்கிருந்து வேன் டிரைவருக்குப் போகும். வெப்ஹுக் என்போம். சோதனை நாட்களில் அந்தச் செய்தி தன் லேப்டாப்புக்கே வருவதற்கு இன்பராஜ் இலவசமாக ஒரு தற்காலிக முகவரி போட்டிருந்தான். டனல் என்போம். லேப்டாப்பை மூடினால் அந்த முகவரி செத்துவிடும். அதை மாற்ற மறந்து நாங்கள் எல்லாருமே திட்டு வாங்கியிருக்கிறோம்.

அவன் மறக்கவில்லை. திறப்பு விழாவுக்கு முந்தின சாயங்காலமே சரியான முகவரியைப் போட்டிருந்தான். காலையில் அதை அழித்து, செத்துப்போன டனல் முகவரியைப் போட்டது நான். பாஸ்வேர்டு எங்கள் எல்லாருக்கும் ஒன்றுதான். பதினோரு மணிக்கு நரிக்குடி விழாவில் பட்டனை அழுத்திக் காட்டும்போது வேன் வராமல் அவன் முகம் தொங்க வேண்டும். வேறொன்றும் நினைக்கவில்லை.

செயலி ஒன்பதுக்கே வேலை செய்யத் தொடங்கியிருந்தது. பத்துக்கு ஈஸ்வரி என்ற பெண் பட்டனை அழுத்தினார். ஆடு மேய்க்கப் போன அவருடைய மாமனார் சோலையைப் பாம்பு கடித்திருந்தது. போனில் 'செய்தி சென்றது' என்று காட்டவே, வேறு யாரையும் கூப்பிடாமல் காத்திருந்திருக்கிறார். என் திரையில் பெயர், ஊர், பாம்புக்கடி, எல்லாம் தெரிந்தது. யாரும் எடுக்காததால் செய்தி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி முயன்றது. பன்னிரண்டு முறையும் பார்த்தேன். சரிசெய்யப் பத்து விநாடி போதும். ஆனால் விழா பதினொன்றுக்குத்தானே, சார்.

பதினொன்று ஐந்துக்கு நரிக்குடியிலிருந்து அண்ணன் கூப்பிட்டார். "ஏப்பா காசி, வேன் வரலப்பா. இவன் என்னத்தையோ சொதப்பிட்டான். கொஞ்சம் பாரு." உடனே சரிசெய்தேன். வேன் சோலை வீட்டுக்கும் போனது. அதற்குள் அவர் இறந்திருந்தார்.

சாயங்காலம் அண்ணன் என் தோளில் கை வைத்து, "நீ மட்டும் இல்லேன்னா இன்னைக்கு இன்னும் எத்தன உசுரு போயிருக்குமோ" என்றார். அவர் சொன்னது நியாயம்தான், சார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.