இருபது நிமிஷத் தண்ணீர்

கொதி வந்தவுடன் பாத்திரத்தை இறக்கிவிடுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. கொதி வந்த பிறகு இன்னும் இருபது நிமிஷம் அடுப்பில் விடவேண்டும். முதல் குமிழியிலேயே திருப்தி அடைகிறவர்கள் வேறு வேலைக்கு லாயக்காக இருக்கலாம்; பட்லர் வேலைக்கு ஆகமாட்டார்கள். உங்கள் முன்னால் இருக்கிற தம்ளரில் உள்ளது நான் காய்ச்சிய தண்ணீர். வரும்போது கூஜாவில் கொண்டுவந்தேன். இந்த ஸ்டேஷன் பானையை நேற்றே பார்த்துவிட்டேன், அதனால்தான். தாராளமாகக் குடியுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா.

நேற்று உங்கள் ரைட்டர் அறிக்கையை வாசித்துக் காட்டினார். ஓய்வுபெற்ற சப் ஜட்ஜ் பாலசுந்தர முதலியார் சித்தூரில் தம் சொந்த பங்களாவில் சீதபேதியால் காலமானார். பட்லர் ஏசுரத்தினத்தின் கவனக்குறைவால் குடிதண்ணீர் சரியாகக் காய்ச்சப்படாமல் இருந்திருக்கலாம். இப்படி முடிகிறது. நல்ல கையெழுத்து. ஒரு சொல்தான் உறுத்துகிறது. அதைத் திருத்தலாம் என்று நானாகவே வந்தேன்.

ஐயாவிடம் பத்தொன்பது வருஷம் இருந்தேன். என் நைனா மிஷன் பங்களாவில் சமையல் செய்தவர். மேஜை விரிப்பதும், முள்கரண்டி வைப்பதும், சத்தமில்லாமல் நடப்பதும் எனக்குச் சின்ன வயதிலேயே வந்துவிட்டன. ஐயாவுக்கு வெள்ளைக்காரர் முறையில் எல்லாம் நடக்கவேண்டும். ஐயாவின் சம்சாரம், எங்கள் எஜமானி அம்மா, இருந்தவரையில் உள்கட்டில் அவருடைய சமையல் தனி. அம்மா காலமான பிறகு வீடு முழுக்க என் கைக்கு வந்தது. ஐயா ஒரு வெள்ளிக் கடிகாரத்தை என்னிடம் கொடுத்து, கோர்ட்டுக்குப் போகிற வேலை தனக்கு இனி இல்லை, தண்ணீர்க் கணக்குக்கு நீ வைத்துக்கொள் என்றார். அன்று முதல் பின்வெராந்தா அடுப்பின் முன்னால் முக்காலி போட்டு, கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு உட்காருவேன். புத்தூர்ப் பக்கத்து ஆளான சமையல்காரர் செங்கல்வராயனுக்கு அது பெரிய வேடிக்கை.

"இன்னா ஏசுரத்தினம், தண்ணிக்கே இம்மா நேரம் ஒக்காந்துகினு கீறயே. கோழிய உன் கையில குடுத்தா கிறிஸ்மஸுக்குத்தான் துன்னலாம் போல."

நானும் சிரிப்பேன். நல்ல மனிதர்.

சாயங்காலங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். ஐந்து மணிக்கு ஐயா முன்வெராந்தாவில் புத்தகத்தோடு உட்காருவார். நான் நாற்காலிக்கு இரண்டடி பின்னால் நிற்பேன். ஒரு மணி நேரம், சில நாள் இரண்டு மணி நேரம், இருவரும் ஒரு வார்த்தை பேசமாட்டோம். பக்கம் திருப்புகிற சத்தம் கேட்கும். நடுவில் அவர் கையை நீட்டுவார். கேட்பதற்கு முன்பே தம்ளர் அந்தக் கையில் இருக்கும். சிலர் கல்யாணம் செய்துகொள்கிறார்கள், சிலர் ஊர் ஊராகப் போகிறார்கள். எனக்கு அந்த இரண்டடி போதுமாக இருந்தது.

அம்மா காலமான மறு வருஷம், மெட்ராஸில் வாழ்க்கைப்பட்ட மகள் சந்திரம்மா ஐயாவைத் தீபாவளிக்குக் கூப்பிட்டார். ஒரு மாதம் தங்கிவருவதாகத்தான் பேச்சு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பெண் வீட்டுக்கு ஒரு மாதம் என்று போன பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். இருந்தாலும் பெட்டிகளைக் கட்டினேன். அந்த அவசரத்தில், தோட்டத்துக் கிணற்றிலிருந்து செடிகளுக்கு இறைத்து வைத்த தண்ணீர் அப்படியே மேஜைக்குப் போய்விட்டது. மாட்டுக்கொட்டகை ஓரத்துக் கிணறு அது. அன்று நடந்தது கவனக்குறைவு. அந்த ஒரு தடவைக்கு அந்தச் சொல்லை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை.

மறுநாளே ஐயா படுத்துவிட்டார். பத்து நாள் நான் கட்டிலை விட்டு நகரவில்லை. துடைத்துவிட்டேன், துணி மாற்றினேன், கஞ்சி ஊட்டினேன். என் கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினார். பதினோராம் நாள் எழுந்து உட்கார்ந்தார். தீபாவளி முடிந்திருந்தது. பெட்டிகளைப் பிரித்தேன். சாயங்காலம் அவர் வெராந்தாவுக்கு வந்தார், நான் பின்னால் நின்றேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

அதற்குப் பிறகு நான்கு தடவை நானே கொடுத்தேன். அப்பாவுக்கு உடம்பு அடிக்கடி கெடுகிறதே என்று சந்திரம்மா கவலைப்பட்டார். ஒவ்வொரு வருஷமும் கூட்டிப்போக வருவார். பயணம் தள்ளிப்போக அரைத் தம்ளர் போதும். வந்தவர்கள் அலுத்துத் திரும்பிப் போகவேண்டுமென்றால் ஒரு தம்ளர். அளவு தப்பியதே இல்லை. பிறகு முறைப்படி காய்ச்சிய தண்ணீரும் அரிசிக் கஞ்சியும் கொடுத்து எழுப்பி உட்காரவைப்பேன். டாக்டர்கூட என் பணிவிடையை மெச்சியிருக்கிறார்.

தம்ளரைத் தள்ளி வைக்கிறீர்கள். வேண்டாம் ஐயா, இது குடிப்பதற்கு எடுக்கிற முன்கிணற்றுத் தண்ணீர். இருபது நிமிஷம் காய்ச்சியது.

மூன்றாவது தடவை செங்கல்வராயன் வெங்காயம் உரித்துக்கொண்டே ஒன்று கேட்டார்.

"ஊருக்குக் கெளம்பற அன்னிக்குத்தான் ஐயாவுக்கு வயிறு கெடுது. வயித்துக்குள்ள காலண்டர் மாட்டி வச்சிகினு கீறாரா, இன்னா?"

வேடிக்கையாகத்தான் கேட்டார். ஆனால் ஒரு தடவை வேடிக்கையாகக் கேட்டவர் இன்னொரு தடவை யோசித்துக் கேட்பார். சமையல்காரரின் கை அவ்வளவு சுத்தமில்லை என்று ஐயாவிடம் தயக்கத்தோடு சொல்லவேண்டியதாயிற்று. அவரை வெறுங்கையோடு அனுப்பவில்லை. நல்ல நடத்தைக் கடிதம் ஒன்று நானே எழுதி, ஐயாவிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். இப்போது தடாவில் ஒரு ஓட்டலில் இருக்கிறாராம். சௌக்கியம் என்று கேள்வி.

இனி திருப்பதி விஷயம். அப்பாவுக்கு உடம்பு தேறவேண்டும், அவரைக் கூட்டிக்கொண்டு மலைக்கு நடந்தே வருகிறேன் என்று சந்திரம்மா வேண்டிக்கொண்டிருந்தார். இந்த மாசியில் திருப்பதியில் ஒரு வீடு எடுத்து மூன்று வாரம் விரதம் இருந்தார்கள். விரதம் முடிகிறவரை அப்பா உங்கள் கையால் தண்ணீர் வாங்கக்கூடாது, தப்பாக நினைக்காதீர்கள் என்று என்னிடம் மரியாதையாகவே சொன்னார். அவரவர் வழக்கம், நான் தப்பாக நினைக்கவில்லை. சட்டை மடித்தேன். பூட்ஸ் துடைத்தேன். தண்ணீரைப் பித்தளைக் குடத்திலிருந்து அப்படியே மொண்டு கொடுத்தார்கள். ஒருவரும் அடுப்பில் வைக்கவில்லை. பார்த்துக்கொண்டு நிற்பதுதான் கஷ்டமாக இருந்தது.

மலையேறிய அன்று அடிவாரத்து அலிபிரி வரை கூடப் போனேன். எங்கள் வேதக்கார ஆட்கள் அதற்கு மேல் போவதில்லை. ஐயாவின் பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் காலையில் மொட்டைத் தலையோடு, கைத்தடியைத் தோளில் போட்டுக்கொண்டு, பையன் மாதிரி இறங்கி வந்தார்.

"ஏசு, அறுபத்திரெண்டு வயசுல ஏறி எறங்கிட்டேன் பாத்தியா. மூணு வாரமா சந்திரா பச்சத் தண்ணிதான் குடுத்துகினு இருக்கா. வயிறு ஒரு வார்த்த பேசல."

"ரொம்ப சந்தோஷங்க, ஐயா."

"சித்தூர் தண்ணிதான்டா எனக்கு ஒத்துக்கல. இல்லன்னா அந்த வூட்ட வுட்டு நான் எதுக்குப் போறேன்? வித்துட்டு மெட்ராஸுக்கே போயிடறதுன்னு முடிவு பண்ணிட்டோம்."

பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே, நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

"நீ இல்லாமயா? நீயும் வா. தண்ணி, சாப்பாடு குடுக்க அங்க அவங்க ஆளுங்க இருக்காங்க. நீ தோட்டத்தப் பாத்துக்க."

அன்போடுதான் சொன்னார். பத்தொன்பது வருஷம் இரண்டடி தூரத்தில் நின்றவனைத் தோட்டத்துக்கு அனுப்புகிறோம் என்று அவருக்குத் தோன்றவில்லை. அதற்காக நான் கோபப்படவில்லை. என்னுடைய யோசனையெல்லாம் வேறு. மெட்ராஸில் இருபது நிமிஷம் யார் உட்காரப் போகிறார்கள்? என்றைக்காவது ஒருநாள் யாராவது பச்சைத் தண்ணீரைக் கொடுத்து அவரைக் கொன்றுவிடுவார்கள். முகம் தெரியாத ஒருவர் கையில் அது நடக்கவேண்டுமா என்று நினைத்துப் பார்த்தேன்.

வீட்டுக்கு ஆள் வந்து விலை பேசியாயிற்று. வியாழக்கிழமை பயணம் என்று முடிவாயிற்று. செவ்வாய்க்கிழமை காலையில் கொட்டகைக் கிணற்றில் மொண்டு வந்தேன். இந்தத் தடவை தம்ளர் கணக்கு வேண்டாம் என்று கூஜா முழுக்க நிரப்பினேன். சாப்பாட்டுக்கும் அதுதான், சாயங்காலம் வெராந்தாவுக்கும் அதுதான். அன்று இரண்டு மணி நேரம் பேசாமல் இருந்தோம். நடுவில் மூன்று தடவை கையை நீட்டினார்.

சனிக்கிழமை காலையில் சந்திரம்மா தண்ணீர் கொடுக்க வந்தார். ஐயா தலையைத் திருப்பிக்கொண்டு என்னைத் தேடினார்.

"ஏசு காச்சுனதா?"

"ஆமாங்க, ஐயா."

"அப்ப நீ குடு."

கொடுத்தேன். கடைசியாகக் குடித்த அந்தத் தண்ணீர் கடிகாரத்தைப் பார்த்து இருபது நிமிஷம் காய்ச்சியது. அந்த நேரத்தில் அவரிடம் நான் பொய் சொல்லவில்லை.

ஆகவே கவனக்குறைவு என்பதை அடித்துவிடுங்கள். முதல் தடவை நீங்கலாக ஐந்து தடவையும் தெரிந்துதான் கொடுத்தேன். கடைசித் தடவை, அவர் எழுந்திருக்க மாட்டார் என்று தெரிந்தே கொடுத்தேன். சமையல்காரருக்கோ வேறு யாருக்குமோ இதில் பங்கில்லை. எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று காட்டுங்கள்.

அந்த வியாதி வராமல் இருந்திருந்தால் அவர் சித்தூரை விட்டுப் போக நினைத்தே இருக்கமாட்டாரே என்று கேட்கிறீர்கள். வீட்டுவேலை பார்க்காதவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். மெட்ராஸுக்கு என்று ஆறு தடவை பெட்டி கட்டினோம். ஒரு தடவையாவது அவர் என்னை விட்டுப் போனாரா, சொல்லுங்கள்.