ஆடியில் ஆஸ்திரேலியா

கைக்குழந்தையோடு ஆஸ்திரேலியாவுக்குப் போக எந்த மாதம் நல்லது? என் கணவர் அங்கே வேலைக்குப் போனதிலிருந்து இதற்கு எனக்கு விடை தெரியவில்லை. போன வாரம் காவலூர் மலையிலிருந்து இறங்கும் பேருந்தில், முன் இருக்கையில் ஓர் அம்மா அந்த நாட்டின் பேரைச் சொன்னார். பக்கத்தில் அவர் தங்கை.

"நான் ஆடியிலதான் ஆஸ்திரேலியா போவேன்."

"அங்க ஆடிதான் கடுங்குளிராம்க்கா. மாப்பிள்ளை டிசம்பர்ல வாங்கன்றாரே. வெயில் அடிக்குமாம், ஊரெல்லாம் சுத்திப் பாக்கலாமாம்."

"ஊர யார் பாக்கப் போறா? கல்யாணமாகி மொத ஆடி. பொண்ண வூட்டுக்குக் கூட்டியாரணும். அவளுக்கு லீவு இல்ல. அதான் நான் போறேன்."

"அப்ப மாப்பிள்ளை?"

"ஹால்ல படுக்கட்டும்."

தங்கை சிரித்த சிரிப்பில் நடத்துநர் திரும்பிப் பார்த்தார்.

"யக்கா, சித்திர வெயில்ல புள்ள பொறக்கக் கூடாதுன்னுதான ஆடியில பிரிச்சு வெக்கிறது? அங்க சித்திரையில வெயிலே கெடையாதாமே!"

"அதுக்கு நான் இன்னா பண்றது? ஆடி ஆடிதான். மாப்பிள்ளைக்கு நைட் டூட்டி. இப்பவே குளுருதும்மா, வூட்ல தனியா இருக்கேன்னு போன்ல அழுவுறா. வெயில் வரட்டும்னு நான் இங்க குந்தினு இருக்கவா?"

தங்கை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

குழந்தைக்குச் சளி பிடிக்குமோ என்று பயந்து, நானும் கணவரிடம் டிசம்பர் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். இப்போது ஆடியிலேயே போகலாம் என்று தோன்றுகிறது. அந்தக் குளிரில் எட்டு மாதக் குழந்தையை வைத்திருந்த தாய்மார்களே, பிள்ளைக்கு என்ன உடுத்திவிட்டீர்கள், எப்படிக் குளிப்பாட்டினீர்கள் என்று எழுதுங்கள். போக வேண்டாம் என்று மட்டும் எழுதாதீர்கள். அதை நானே தினமும் எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.