விழும் என்று கட்டும் பணம்

காலை ரயிலில் யார் பங்குச் சந்தையைப் பற்றிப் பேசினாலும் எனக்கு எரிச்சல் வரும். அன்று காதை மூட முடியவில்லை.

"மார்க்கெட் வுழும்னு பணம் கட்டு மச்சான், நம்ம வேலை போற நேரத்துலதான் அதுல காசு வரும்."

அண்ணனூரில் ஏறிய இருவரில் ஒல்லியானவர் சொன்னார். இருவருக்கும் ஒரே கார் உதிரிபாகக் கம்பெனியின் நீலச் சட்டை. மற்றவர் கையில் சாப்பாட்டுப் பை.

"இன்னாடா உளர்ற? மார்க்கெட் ஏறும்னு பந்தயம் கட்ற மாதிரி ரெண்டு வருஷ ஆப்ஷன் வாங்கலாம்னு கீறேன் நானு."

"ஏறலன்னா?"

"ஏறுற வரைக்கும் வச்சிக்கினு இருப்பேன்."

"ஷேரைத்தான் மாமே அப்டி வச்சிக்கினு இருக்கலாம். ஆப்ஷன்ல தேதி முடிஞ்சா கட்டுன காசு மொத்தமும் காலி. மார்க்கெட் படுத்துச்சுன்னா காரை எவன் வாங்குவான்? நம்ம வேலையும் போவும். ரெண்டும் ஒண்ணா போவணுமா? அதுக்குத்தான் சொல்றேன், வுழும்னு ஆப்ஷன் வாங்கு. வேலை போனாலும் அது கை குடுக்கும்."

சாப்பாட்டுப் பைக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

"காலைல கம்பெனி கேட்டுல நுழையும்போது, எல்லாம் நாசமா போவணும்னு வேண்டிக்கினு நுழையச் சொல்றியா? உள்ள என் மச்சினனும் வேலை செய்றான்டா."

"போன வாரம் நைட் ஷிப்ட்டைத் தூக்கிட்டாங்களே, நீ வேண்டிக்கினா தூக்குனாங்க?"

திருமுல்லைவாயல் போனது. அம்பத்தூரில் இறங்கக் கதவருகே நின்றபோது, சாப்பாட்டுப் பைக்காரர் நண்பரின் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"வுழும்னு வாங்க எவ்ளோ ஆவும்?"