மேப்பில் மட்டும் முழு மலை

கணியம்பாடி பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு நர்சுகள் உட்கார்ந்திருந்தார்கள்.

"கம்ப்யூட்டர் மேப்புல மலை முழுசா இருக்குக்கா. நேர்ல போனா பாதி மலையைக் காணோம்," என்றாள் இளையவள்.

"இன்னாடி சொல்ற?"

"குவாரிக்கு வெட்டிட்டாங்க. பாதையும் கூடவே போச்சு. சுத்திப் போறதுக்குள்ள பெட்டியில ஐஸ் கரைஞ்சு தடுப்பூசி வீணாப்போச்சு. மேல ஊர்ல ஒரு புள்ளைக்கும் போட முடியல."

"புது மேப் சிடி கேட்டியா?"

"வேலூர் பூரா கேட்டுட்டேன். எல்லாம் அதே பழசு. அதான், ஞாயித்துக்கிழமை ஜிபிஎஸ் எடுத்துக்கினு நானே ஏறப் போறேன். வேற பாதை கண்டுபிடிச்சு அதுல பதிச்சிட்டா போதும்."

"சர்ச்?"

"காலைல ஆராதனை முடிஞ்சதும் கிளம்பிடுவேன்."

மூத்தவள் குனிந்து தன் ரப்பர் செருப்பைப் பார்த்தாள்.

"அப்ப நான் நாளைக்கே ஷூ வாங்கணும்."