ஒய்யில் தொடங்கும் யூகலிப்டஸ்

"நல்லவேளை, எனக்கு ஸ்பெல்லிங் தெரியலண்ணே."

வில்பட்டி பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்த தைலக்கடைக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். சிரிப்பு தாங்கவில்லை அவருக்கு.

"நெட்டுல நம்ம கடையைப் போட்டேன்ல, யூகலிப்டஸுக்கு இங்கிலீசுல ஈ போடணுமாம். நான் ஒய் போட்டுட்டேன்."

"அட, வெரசா மாத்துங்க."

"மாத்துனா பத்தாவது பக்கத்துல கெடக்கணும். இப்ப ஒய் போட்டுத் தேடுறவுகளுக்கு மொதல்ல நம்ம கடைதான் வருது. எல்லாரும் நேரா வந்துடுறாக."

"படிச்சவுக யாரு அப்படித் தேடப் போறாக?"

"நேத்து ஒரு இங்கிலீஷ் வாத்தியார் வந்தாரு. நெட்டுல எப்படித் தேடுனீங்கன்னு கேட்டேன். சுத்திமுத்தும் பார்த்தாரு. 'வெளிய சொல்லிறாதீங்க'ன்னு ரெண்டு பாட்டில் வாங்கிட்டுப் போயிட்டாரு."