அஞ்சு விரல் சேவல்

— கூடைக்குள்ளயே வச்சிக்கிட்டு என்ன சாதின்னு கேட்டா எப்படி அனுசுயா? வெளிய எடு. கையில புடிச்சாத்தான் தெரியும்.

— கொத்தும் வளவண்ணே. ஆளு பழக்கம் கம்மி அதுக்கு.

— என்னையவா? இந்தத் துறையூர்ல உள்ள கோழிங்க கொத்தாத எடம் என் கையில எங்க இருக்குன்னு தேடணும். குடு இப்படி. அட, பாரேன். எறகு எப்படி கெட்டியா ஒடம்போட ஒட்டிக் கெடக்குன்னு பாரேன். எங்க புடிச்ச இத?

— திருவானைக்காவல்ல கறிக்கடை வச்சிருக்காரே ஜெகபர் சாதிக் பாய், அவர்கிட்ட விக்கத்தான் எடுத்துக்கிட்டுப் போனேன். தராசுல வச்சவரு எறக்கிட்டாரு. இது கறிக்குப் போற உருப்படி இல்லம்மா, சாதி தெரிஞ்ச ஆளுகிட்ட காட்டுன்னாரு. எனக்கு உங்கள விட்டா யாரண்ணே தெரியும்?

— நீ என் வாசப்படி ஏறுவேன்னு நான் நெனைக்கல. வீரன் போன நாள்லேருந்து என் மொகத்துலயே நீ முழிக்கல.

— யாரு மொகத்துலதான் முழிச்சேன். பொண்டாட்டிய விட்டுட்டு ஓடுனவன் வீடுன்னு ஆயிப்போச்சு. கொழாயடியில ரெண்டு பேரு பேசிக்கிட்டு நின்னாக்கூட நம்மளத்தான் சொல்றாங்கன்னு தோணும். அது கெடக்கட்டும். சாதியச் சொல்லுங்க.

— சாதாரண நாட்டுக்கோழி இல்ல, அது மட்டும் நிச்சயம். கொண்டையப் பாரு, தலையோட தலையா அமுங்கிக் கெடக்கு. சண்டைச் சாதி. நெறம் பூதி. அடுப்புச் சாம்பல தண்ணி தெளிச்சி அள்ளுனா ஒரு நெறம் இருக்கும் பாரு, அது. ஆனா எளைச்சிருக்கு. இதோட அப்பன் ஆத்தா தீனி கண்டு வளந்ததுங்க இல்ல.

— பூதிச் சண்டைக்கோழி எல்லா ஊர்லயும் இருக்கும்லண்ணே?

— இருக்கும். ஆனா இரு. காலக் காட்டு. இரு, இரு. அடப்பாவி.

— என்னண்ணே?

— வெரல எண்ணிப் பாரேன். கோழிக்கு முன்னால மூணு, பின்னால ஒண்ணு. இதுக்குப் பின்னால ரெண்டு இருக்கு. அஞ்சு வெரலு. அனுசுயா, இது வீரன் சாதி. உம்புருசன் கையால உண்டாக்குன சாதி. நாலு தலைமுறை ஒண்ணோட ஒண்ணு போட்டு, கழிச்சி, மறுபடி போட்டு, இந்த வெரல நிக்க வச்சான் அவன். இந்த ஜில்லாவுல வேற ஒருத்தன்கிட்ட கெடையாது. சும்மா சொல்லல.

— வேற யாருகிட்டயும் இல்லையா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க.

— நான் சொல்றேன்ல. அவன் கடைசியா வச்சிருந்தது ஒரு சேவலு, ஒரு பொட்டை. சேவலுக்கு வலது கண்ணு கெடையாது, பழைய சண்டையில போனது. அதோட வாரிசுதான் இது. கழுத்தத் தூக்கிப் பாக்குற மாதிரிகூட அப்படியே இருக்கு.

— அந்த ஒத்தக் கண்ணுச் சேவலத்தான் உங்ககிட்ட வித்துட்டு இந்தத் துறையூர்லயே சேலம் பஸ் ஏறுனாருன்னு சொன்னீங்க.

— ஆமா. ஜோடியாத்தான் குடுத்தான்.

— நீங்க அத என்ன பண்ணீங்க?

— ஆந்திராலேருந்து ஒருத்தன் வந்தான், குடுத்துட்டேன். என் கையாலதான் கூண்டுல ஏத்துனேன். மனசே இல்ல. இப்ப பாரேன், அதோட குஞ்சு சுத்தி வளைச்சி உங்கிட்டயே வந்துருச்சு. யாரு வித்தாங்க உனக்கு?

— யாரும் விக்கல. ஆட்டுக்குப் புல்லறுக்க கொள்ளிடத்துப் படுகையில எறங்குனேன். நாணலுக்குள்ள முட்டை கெடந்துச்சு. எடுத்தாந்து எங்க வீட்டு அடைக்கோழிக்கு அடியில வச்சேன். பொரிச்சதுல தங்குனது இது ஒண்ணுதான்.

— நாணலுக்குள்ளயா?

— அங்க திரியுற கோழிங்க காட்டுக் கோழியாவே ஆயிடுச்சிங்கண்ணே. ஆளக் கண்டா மரம் ஏறிடுதுங்க. கருவேல மரத்து உச்சியில தூங்குதுங்க. முட்டை போட்டது யாருன்னு பாக்கணும்னு மறுபடி மறுபடி போனேன். ஒரு நாளு வெடியக்காலையில சேவல் கூவுச்சு. நிமிந்து பாத்தேன்.

— தூரத்துலேருந்து பாத்தா எல்லாச் சேவலும் ஒண்ணுபோலத்தான் இருக்கும்.

— கிட்டக்கத்தான் பாத்தேன். பூதிச் சேவல். வயசாகி வாலு கொட்டிப்போச்சு. நான் வலது பக்கமாப் போனா அதுக்குத் தெரியல, இடது பக்கம் வந்தா பறக்குது.

— வேற யாராவது கொண்டாந்து விட்டுருப்பாங்க.

— ஜில்லாவுலயே வேற ஆளுகிட்ட கெடையாதுன்னு இப்பத்தானே சொன்னீங்க. ஆந்திராவுக்குப் போன சேவல் கொள்ளிடக்கரைக்குத் தானா நடந்து வந்துச்சாண்ணே? சேவலக் கீழ விடுங்க, கழுத்த நெரிக்கிறீங்க.

— நான் வேணும்னு பண்ணல.

— அவரு துறையூருக்கே வரல. அதானே? 

— அனுசுயா, உக்காரு.

— நிக்கிறேன். சொல்லுங்க.

— கொள்ளிடத்து நடு மணல்திட்டுல அன்னிக்கு சண்டை விட்டோம். போலீசு வராத எடம்னு நாந்தான் அங்க வச்சேன். முக்கொம்புல தண்ணி தொறந்துட்டாங்கன்னு கரையிலேருந்து கத்துனாங்க. எல்லாரும் ஓடி வந்துட்டோம். அவனும் வந்துட்டான். கரையேறுன அப்பறம்தான் ஞாபகம் வந்து, கோழிய பஞ்சாரத்துல கவுத்துப் போட்டிருக்கேன், செத்துப்போயிடும்டான்னான். நான் கையப் புடிச்சேன். ஒதறிட்டான். 

— அப்பறம்?

— இடுப்பளவு தண்ணியில போயி பஞ்சாரத்தத் தூக்கிவிட்டான். ரெண்டும் பறந்து படுகை மரத்துல ஏறிச்சிங்க. அவன் அதையே பாத்துக்கிட்டு நின்னான். நின்ன எடத்துல ஆள் இல்ல. அவ்வளவுதான். கத்தக்கூட இல்ல.

— யாரும் எறங்கலையா?

— எறங்குற தண்ணி இல்ல அது. அப்பறம் எல்லாரும் கலைஞ்சிட்டாங்க. சண்டை வச்சவன் நானு. ஆள் செத்துட்டான்னு வெளிய தெரிஞ்சா என்னத்தான் உள்ள தூக்கி வைப்பாங்க. எனக்கும் புள்ளைங்க இருக்கு. பஸ் ஏறிட்டான்னு சொன்னேன்.

— பஸ் ஏறுனதோட நிறுத்தியிருக்கலாம்லண்ணே. கூட ஒருத்தி இருந்தான்னு எதுக்குச் சொன்னீங்க? செவப்புச் சேலைன்னுகூட சொன்னீங்க.

— சும்மா போயிட்டான்னா நீ தேடுவ. அப்படிச் சொன்னா தேடமாட்டேன்னு.

— தேடல. 

— நீ அவன திட்டிக்கிட்டாவது பொழச்சிக் கெடப்பேன்னு நெனச்சேன். சத்தியமா.

— திட்டுனேன். என் மக பவித்ராவயும் திட்டச் சொல்லிக் குடுத்தேன். பள்ளிக்கூடத்துல அப்பா பேரு கேட்டாக்கூட அவ சொல்ல மாட்டா. 

— என்ன வேணா செய், அனுசுயா. போலீசுல சொல்லு. நானே வரேன்.

— போலீசு அப்பவே வந்துச்சுண்ணே. 

— எப்ப?

— தண்ணி வடிஞ்சதும். லால்குடிக்குக் கீழ ஒரு ஆம்பளப் பொணம் ஒதுங்கியிருக்கு, மொகம் தெரியல, வந்து அடையாளம் பாரும்மான்னு, ஆம்பள காணாமப்போன வீடா விசாரிச்சிக்கிட்டு வந்த ஒரு ஏட்டு வாசல்ல நின்னு கெஞ்சுனாரு. பாக்க ஆள் வரலேன்னா அனாதைப் பொணம்னு பொதைச்சிருவோம்னாரு. எம்புருசன் செவப்புச் சேலைக்காரியோட சேலத்துல சௌக்கியமா இருக்காரு, போய்யான்னு சொல்லி நான் கதவச் சாத்திட்டேன்.